பழைய கண்ணாடிக்கு வெளியே ஏன் இன்னொரு கண்ணாடி?

கேள்வி: இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஃபேர்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் செயின்ட் மேரி சர்ச்சைப் பார்த்தோம். 500 வருஷத்து வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், அவ்வளவு அழகு! ஆனால் வெளியே சாதாரணக் கண்ணாடி போட்டு மறைத்திருக்கிறார்கள். புதுப்பிக்கிறோம் என்று கெடுத்துவிட்டார்களோ?
- ஒரு வாசகி, கோவை

பதில்: கெடுக்கவில்லை அம்மா, காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மணலோடு மரச் சாம்பலைச் சேர்த்துத்தான் கண்ணாடி உருக்கினார்கள், அப்படிச் செய்த கண்ணாடிக்கு ஈரம் ஆகவே ஆகாது, நாளாக நாளாக அரித்துக் குழி விழும். வெளிப்பக்கம் மழை. சரி, உள்பக்கம்? குளிர்காலத்தில் ஜனங்கள் விடும் மூச்சே கண்ணாடியில் வேர்த்து நிற்கும். முகம், கண், துணி மடிப்பு எல்லாம் தீட்டிச் சூளையில் சுட்ட கோடுகள் பெரும்பாலும் அந்த உள்பக்கத்தில்தான் இருக்கின்றன!

அதனால் 1988இல் தொடங்கி 2010 வரை ஜன்னல் ஜன்னலாகக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பழைய இடத்தில் தெளிவான கண்ணாடியைப் பதித்துவிட்டு, பழையதைச் சட்டத்தில் மாட்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்தினார்கள். நடுவில் இருக்கும் சந்தில் சர்ச்சுக்குள் இருக்கும் காற்றே போய்வருகிறது, அதனால் வேர்த்தாலும் புதுக் கண்ணாடிதான் வேர்க்கும்.

இத்தனை பாடு எதற்கென்றால், கம்பளி வியாபாரி ஜான் டேம் கட்டத் தொடங்கி மகன் எட்மண்ட் முடித்த அந்தச் சர்ச்சில் 28 ஜன்னல்களும் ஒரே தொகுப்பாகத் தப்பியிருக்கின்றன. இங்கிலாந்தில் வேறு எந்த ஊர்ச் சர்ச்சுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. மேற்கு ஜன்னலில் கடைசி நியாயத்தீர்ப்பைப் பார்த்திருப்பீர்கள், கீழே பிசாசுகள் பாவிகளை இழுத்துக்கொண்டு போகும் இடத்தில் அந்தச் சிவப்பும் நீலமும் என்னமாய் எரிகிறது! அதன் மேல்பாதி மட்டும் பழையதல்ல. 1703 பெரும்புயலில் மேற்குப் பக்கம் அடிபட்டது, அப்புறம் 1860களில் சரிசெய்ய வந்தவர்கள் மேல்பாதியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு நகல் செய்து வைத்தார்கள். எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது. உடைந்திருந்தாலும் ஒட்டி வைத்திருக்கலாம், கீறலோடு இருந்தாலும் அது அந்தக் கை தீட்டிய முகம் அல்லவா? கெடுத்தது என்று சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லுங்கள், வெளிக் கண்ணாடியை அல்ல.

கேள்வி: பழைய ஜன்னல் கண்ணாடி அடியில் தடித்திருப்பது, காலப்போக்கில் அது கீழே வழிவதால்தானா?
- கல்லூரி மாணவர், நெல்லை

பதில்: இல்லை தம்பி. கண்ணாடி அறைச் சூட்டில் வழியாது. அன்று ஊதித்தான் தகடு செய்தார்கள், அதனால் எங்குமே ஒரே கனம் வராது. வெட்டிய துண்டின் தடித்த பக்கம் கீழே அமைந்தால் வழிந்தது போலத் தெரியும், அதே ஜன்னலில் மேல்பக்கம் தடித்த துண்டும் இருக்கும், தேடிப் பாருங்கள்.