பிரைமருக்குத் தண்ணீர் வேண்டாம்

கேள்வி: 28 மி.மீ. பிளாஸ்டிக் போர்வீரர் மினியேச்சர்களுக்கு பெயின்ட்டுக்கு முன் அடிப்பூச்சாக, பிரஷ்ஷால் வல்லேஹோ கம்பெனியின் சர்ஃபேஸ் பிரைமர் அடிக்கிறேன். பெயின்ட் போலவே தண்ணீர் கலக்கிறேன். மறுநாள் நகம் பட்டாலே தோலாக உரிகிறது. முகத்தில் ஊசிமுனைக் குழிகள் வேறு. ஏன்?

பதில்: முதலில் அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். இது அக்ரிலிக்-பாலியூரிதேன் பிரைமர். பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்வது அதிலுள்ள பிசின்தான். தண்ணீர் கூடினால் பிசின் நீர்த்து, பிடிமானம் போய்விடும். பாட்டிலில் உள்ளபடியே அடியுங்கள். ரொம்பக் கெட்டியாக இருந்தால் அதே கம்பெனியின் தின்னர் ஓரிரு சொட்டு போதும்.

கழுவினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அச்சில் பூசும் வழுக்குப் பொருள் ஒட்டியிருந்தாலும் உரியும். ரெசின் பொம்மைகளில் இந்தத் தொல்லை அதிகம். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவையுங்கள். பிறகு வெறும் விரலால் தொடாமல், பாட்டில் மூடியில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குழிகளுக்குக் காரணம் காற்றுக் குமிழி. பாட்டிலை வேகமாகக் குலுக்கியதும் உடனே அடிக்காதீர்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் நுரைக்காது. மலிவான சிந்தெடிக் பிரஷ் போதும், விலையுயர்ந்த கோலின்ஸ்கி முடி பிரஷ்ஷை இதில் பாழாக்க வேண்டாம். கவச இடுக்கில் தேங்கினால் ஈரம் இருக்கும்போதே காலி பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி கைவைத்தால் படலம் கிழிந்து சுருளும். அடியில் பிளாஸ்டிக் தெரிந்தால் தெரியட்டும், இரண்டாவது பூச்சு மூடிவிடும். பிறகு 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், ஆனால் உள்ளே இறுகியிருக்காது.

கேள்வி: கறுப்பு பிரைமர் மேல் மஞ்சள் பேஸ் கோட் (முதல் நிறப் பூச்சு) நாலு தடவை அடித்தும் திட்டுத்திட்டாகவே இருக்கிறதே?

பதில்: மஞ்சள் நிறமிகள் பலவற்றுக்கு மூடும் திறன் குறைவு. கெட்டியாக அடித்தால் திட்டு மறையாது, கண், கொக்கி போன்ற நுணுக்கங்கள்தான் மறையும். முதலில் ஓக்கர் (மண்மஞ்சள்) அல்லது இளம்பழுப்பு இரண்டு பூச்சு, அதன்மேல் மஞ்சள். பேஸ் கோட்டுக்குத் தண்ணீர் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும்: பெயின்ட் 2 பங்கு, தண்ணீர் 1 பங்கில் தொடங்குங்கள். பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றிவிட்டு அடியுங்கள். ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காயட்டும். இனி பிரைமரையே சாம்பல் நிறத்தில் வாங்கினால் பாதி வேலை மிச்சம்.

கேள்வி: வளையக்கூடிய பிவிசி பொம்மைக்கு ஸ்பிரே பிரைமர் அடித்தேன். வாரமாகியும் பிசுபிசுக்கிறது.

பதில்: சில ஸ்பிரேக்களின் கரைப்பான் மென்மையான பிவிசியோடு ஒத்துப்போகாது. காத்திருந்து பெரிதாகப் பயனில்லை. அடுத்த பொம்மைக்கு நீர் சார்ந்த பிரைமரை பிரஷ்ஷாலேயே அடியுங்கள். முதலில் காலடியில் சிறிது அடித்துப் பார்த்துவிட்டு.