மணி அடிப்பதற்கு முன்: பள்ளி நிர்வாகம் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். வாரத்தில் ஒரு முற்பகல் எனக்கு ஓய்வு கிடைக்கிறது. அந்த நேரத்தில் பள்ளிக்கு ஏதேனும் உதவி செய்கிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்றார். இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. பெற்றோரின் உதவி பள்ளிகளுக்குத் தேவையில்லையா?
– ஒரு தாய்

பதில்: தேவைதான், அம்மா. தலைமையாசிரியர் தயங்குவதற்கு உங்கள் மீது நம்பிக்கை இல்லாதது காரணமாக இருக்காது. புதிதாக ஒருவர் உள்ளே வந்தால் அவருக்கு வேலை சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் ஏற்கெனவே மூச்சு விட நேரமில்லாத அலுவலக எழுத்தராகவோ நூலகராகவோ இருப்பார். அதோடு, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வெளியார் ஒருவரை அனுமதிக்கும் முன் அவரைப் பற்றி விசாரித்துக்கொள்ள வேண்டிய கடமையும் பள்ளிக்கு உண்டு. மதிப்பெண், உடல்நலக் குறிப்பு, குடும்பச் சூழல் போன்ற பிறர் வீட்டுச் செய்திகள் கண்ணில் படும் இடம் அது.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் ஒரு தந்தை வந்தார். "ஏதாவது செய்கிறேன்" என்று அவர் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் பத்து மணிக்கு வந்து, நூலகத்தில் கிழிந்து கிடக்கும் புத்தகங்களை ஒட்டித் தருவதாகச் சொன்னார். முதல் வாரம் முழுக்க நூலகர்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். முதுகு பிரிந்த புத்தகத்துக்குப் பசையை எவ்வளவு மெல்லியதாகத் தடவ வேண்டும், ஒட்டிய பின் எவ்வளவு நேரம் பாரத்தின் கீழ் வைக்க வேண்டும், நைந்துபோன தாளை எதற்காகத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்பதையெல்லாம் பக்கத்தில் அமர்ந்து காட்டினார். அந்த வாரம் நூலகருக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. ஐந்தாவது வாரம் முதல், திங்கட்கிழமை மாலையே ஒரு கட்டுப் புத்தகம் அவருக்காக மேசையில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. ஆண்டு முடிவதற்குள், வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த ஓர் அலமாரியைப் பிள்ளைகளுக்காகத் திறந்துவிட முடிந்தது. அவர் ஒரு செவ்வாய்க்கிழமையைக்கூடத் தவறவிடாததால்தான் நூலகர் அவரை நம்பித் தம் வேலையைத் திட்டமிட முடிந்தது.

ஆகவே மறுபடியும் போய், நாளையும் நேரத்தையும் வேலையையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். வேலையை நீங்களே முடிவு செய்வதைவிட, "எந்த வேலை தேங்கிக் கிடக்கிறது?" என்று அலுவலகத்தில் விசாரிப்பது இன்னும் நல்லது. மகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வயதில், தாயோ தந்தையோ தன் வகுப்பறை வாசலில் நிற்பதைப் பல பிள்ளைகள் கூச்சமாக உணர்வார்கள். அவள் வகுப்புக்குத் தொடர்பில்லாத வேலையைத் தேர்ந்தெடுத்தால் இருவருக்கும் நிம்மதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெற்றோரின் பங்களிப்பை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டீன் அதை ஆறு வகையாகப் பிரித்தார். பள்ளிக்கு நேரில் வந்து தொண்டு செய்வது அவற்றில் ஒன்றுதான். வீட்டில் படிப்புக்குத் துணையிருப்பதும், பள்ளியோடு தகவல் பரிமாறிக்கொள்வதும், முடிவெடுக்கும் குழுக்களில் இடம்பெறுவதும் அதே பட்டியலில் உள்ளன. வேலையை விட்டு வர முடியாத பெற்றோர் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு வாரத்தில் மூன்று நாள் கடைசிப் பாடவேளையில் கணக்கு வருகிறது. களைத்துப்போன நேரத்தில் அவனால் கவனிக்க முடியவில்லை. ஒரு பாடவேளையை இடம் மாற்றுவது அவ்வளவு பெரிய காரியமா?
– ஒரு தந்தை

பதில்: பெரிய காரியம்தான். கால அட்டவணை போடுவது எவ்வளவு கடினம் என்பதைக் கணினி அறிவியலே ஆராய்ந்திருக்கிறது. ஷிமோன் ஈவன், அலோன் இட்டாய், ஆதி ஷமீர் ஆகிய மூவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்களையும் வகுப்புகளையும் நேரங்களையும் முரணின்றிப் பொருத்தும் இந்தக் கணக்கு, எல்லாச் சூழலிலும் விரைவாகத் தீர்க்கும் வழி எதுவும் இன்றுவரை அறியப்படாத கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று நிறுவினார்கள். கோடை விடுமுறையில் துணைத் தலைமையாசிரியர் வண்ணத்தாள் துண்டுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று நான்கு நாள் போராடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டை நகர்த்தினால் ஏழு துண்டுகள் இடம் கேட்கும்.

உங்கள் மகனின் கணக்கு வகுப்பைக் காலைக்குக் கொண்டுவந்தால், அங்கிருந்த வேதியியல் செய்முறை வகுப்பு வேறெங்கோ போக வேண்டும். ஆய்வக உதவியாளருக்கு ஒவ்வொரு செய்முறைக்கும் முன்னால் நேரம் வேண்டும். முந்தைய வகுப்பின் கண்ணாடிக் கலங்களைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்; அமிலத்தை நீர்க்க வைக்க வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றலாம். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் சூடேறிக் கொதித்துத் தெறிக்கும். இந்த வேலையை அவசரப்பட்டுச் செய்யவே கூடாது. இரண்டு செய்முறை வகுப்புகள் அடுத்தடுத்து வந்தால் அந்த அவசரம் அவர் தலையில்தான் விழும்.

ஆனாலும் உங்கள் குறை நியாயமானது. மூன்று நாளும் ஒரே பாடம் கடைசியில் வருவது நல்ல அட்டவணை அல்ல. எழுத்து மூலம் தெரிவித்து, அடுத்த பருவத்தில் கவனிக்கும்படி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நான்கு பேர்தான் எல்லாவற்றையும் செய்கிறோம். மற்றவர்கள் "நீங்களே ஆளுகிறீர்கள்" என்று குறை சொல்கிறார்கள். ஆனால் வேலைக்கு அழைத்தால் வருவதில்லை. என்ன செய்வது?
– கழகச் செயலாளர் ஒருவர்

பதில்: உழைப்பதும் ஆளுவதும் இரண்டு வேறு காரியங்கள் என்பதை முதலில் எல்லாருக்கும் தெளிவாக்குங்கள். அமெரிக்காவில் ஆலிஸ் மெக்லெல்லன் பர்னியும் ஃபீபி ஹெர்ஸ்டும் 1897-இல் வாஷிங்டனில் கூட்டிய தாய்மார் மாநாட்டிலிருந்துதான் அந்நாட்டின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வளர்ந்தது. அத்தகைய சங்கம் பள்ளிக்குத் துணை நிற்பது. பள்ளியை நிர்வகிப்பது அல்ல. நியூசிலாந்திலோ 1989-இல் வந்த சீர்திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு நிர்வாகக் குழு உண்டு. பெற்றோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளோடு தலைமையாசிரியரும் பணியாளர் பிரதிநிதியும் அதில் இருப்பார்கள்; உயர்நிலை வகுப்புகள் உள்ள பள்ளியானால் மாணவர் பிரதிநிதி ஒருவரும் இருப்பார். அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. அதற்கேற்ற பொறுப்பும் உண்டு. உங்கள் கழகம் இவற்றில் எந்த வகை என்பது தெரியாமல் இருப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

கணக்கைப் பொறுத்தவரை, நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவை வாய்விட்டு வாசித்து, ரசீதுகளை மேசையில் வையுங்கள். பணம் எடுக்க இருவர் கையெழுத்து இருக்கட்டும். பொறுப்புகளுக்குக் கால வரம்பு வையுங்கள். வேலைக்கு அழைக்கும்போது பொதுவாக "வாருங்கள்" என்று கேட்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய ஒரு வேலையை, ஒரு மனிதரை நேரில் பார்த்துக் கேளுங்கள்.

கேள்வி: பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு மேல்நிலைப் பள்ளியில் எழுத்தராக இருக்கிறேன். விழாக்களில் ஆசிரியர்களுக்கு மாலை போடுகிறார்கள். எங்கள் பெயரைச் சொல்வதுகூட இல்லை. நான் செய்வது கல்விப் பணிதானா என்ற சந்தேகம் இப்போது வந்துவிட்டது.
– ஓர் எழுத்தர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெயர் சொல்லாதது தவறு. அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். விழா அழைப்பிதழில் இரவுக் காவலரின் பெயரும் தூய்மைப் பணியாளரின் பெயரும் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது, ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே மீதமிருந்தன.

நியூயார்க்கில் 1902-இல் லீனா ரோஜர்ஸ் என்ற செவிலியரைப் பள்ளிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அதுவரை மருத்துவர்கள் வந்து, கண்நோயும் தோல்நோயும் உள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் அந்தப் பிள்ளைகள் பள்ளியையே மறந்துபோவார்கள். ரோஜர்ஸ் பள்ளியிலேயே மருந்திட்டார். வீடுகளுக்குப் போய்த் தாய்மாருக்கு விளக்கினார். வராமல் இருந்த பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நகரம் மேலும் செவிலியர்களை நியமித்தது. அவர் ஒரு பாடமும் நடத்தவில்லை. அவர் இல்லாமல் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடமும் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அம்மையாரிடம், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் படிப்பை நிறுத்தும் படிவம் கேட்டு வந்தான். அவர் படிவத்தை எடுத்தார், ஆனால் எழுதவில்லை. அவனை எதிர் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "மூன்று வாரமாகத் திங்கட்கிழமை மட்டும் வரவில்லையே, ஏன் தம்பி?" என்று கேட்டார். அந்தத் திங்கட்கிழமைகளை நானும் கவனிக்கவில்லை, வகுப்பாசிரியரும் கவனிக்கவில்லை. தந்தை படுக்கையில் இருப்பதும், சிகிச்சைக்கு அழைத்துப் போக வேறு ஆளில்லை என்பதும் அப்போதுதான் வெளிவந்தன. அன்று மாலைக்குள் துணைத் தலைமையாசிரியரும் வேறு மாணவர்களின் பெற்றோரில் இருவரும் சேர்ந்து திங்கட்கிழமைக்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். பையன் தேர்வு எழுதினான். எழுதப்படாத அந்தப் படிவம், நான் பணி நிறைவு பெறும் வரை அவருடைய மேசை இழுப்பறையில்தான் இருந்தது.