மகனைப் பொலிஸார் மறித்தார்கள். நண்பனை விட்டு விலகச் சொல்லலாமா?

கேள்வி: நாங்கள் நீண்ட காலமாகக் கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் வசிக்கிறோம். 19 வயதான என் மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். சென்ற மாதம் ஒரு மாலை, கூடைப்பந்து விளையாடிவிட்டுக் கறுப்பின நண்பன் ஒருவனுடன் நடந்து வந்தபோது பொலிஸார் இருவரையும் மறித்து, பெயர், முகவரி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லையாம். அதன் பிறகு அவன் இருட்டினால் வெளியே போவதில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். அந்தப் பெடியனோடு இனித் திரியாதே என்று சொன்னேன். அன்றிலிருந்து என்னுடன் பேசுவதில்லை. நான் சொன்னது பிழையா?
ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இலங்கையில் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தே தனியாக நிறுத்தப்பட்ட நாட்களை நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை. கேட்டதற்குத் தலையைக் குனிந்து பதில் சொல்லிவிட்டு வீடு வந்து சேர்வதுதான் அன்று உயிர் தப்பும் வழியாக இருந்தது. அந்த அச்சத்திலிருந்து நீங்கள் பேசியிருந்தால் அது எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனாலும் நண்பனை விடச் சொன்னது பிழைதான். காரணமின்றிச் சந்தேகிக்கப்பட்டு வந்த பிள்ளைக்கு, அந்தச் சந்தேகத்தில் ஏதோ நியாயம் இருக்கிறது என்று தாயும் சொன்னதாகவே அது கேட்டிருக்கும். நண்பனின் நிறம்தான் குற்றம் என்றும் கேட்டிருக்கும்.

ரொறன்ரோவில் நடந்த ஒரு சம்பவத்தை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 2012 மே மாதம் ஓர் இரவு, ஒரு வீட்டின் பின்வளவில் ஐந்து இளைஞர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நால்வர் கறுப்பினத்தவர், ஒருவர் ஆசிய வம்சாவளியினர். பிடியாணையோ அனுமதியோ இல்லாமல் உள்ளே நுழைந்த பொலிஸார் அவர்கள் யார், அங்கே என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து, அடையாள அட்டைகளைக் கேட்டார்கள். அந்த ஆசிய இளைஞர் ஓட, அவரிடம் துப்பாக்கியும் போதைப்பொருளும் அகப்பட்டன. கீழ்நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. ஆனால் 2019 மே மாதம் கனடிய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்து அவரை விடுதலை செய்தது. பொலிஸார் உள்ளே நுழைந்தபோதே அந்த இளைஞர்கள் சட்டத்துக்குப் புறம்பாகத் தடுத்து வைக்கப்பட்டுவிட்டார்கள் என்றும், வெள்ளையரல்லாத இளைஞர்கள் பொலிஸாரிடம் காலங்காலமாகப் பெற்றுவந்த அனுபவத்தை ஒதுக்கிவிட்டு அதைத் தீர்மானிக்க முடியாது என்றும், வசதி குறைந்த பகுதியில் வாழ்வதால் எவருடைய உரிமையும் குறைந்துவிடாது என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். துப்பாக்கி வைத்திருந்தவருக்கே அந்தப் பாதுகாப்பு உண்டென்றால், பந்தோடு நடந்து வந்த உங்கள் மகனுக்கு அது இல்லாமல் போகுமா?

மறிப்பவருக்கு அது சில நிமிட வேலை. ஆனால் தெருவில் மறித்து விவரம் பதியும், ‘கார்டிங்’ என்று அழைக்கப்பட்ட முறையில் ரொறன்ரோப் பொலிஸார் பல ஆண்டுகளாக நிரப்பிய படிவங்களில் பெயர், முகவரி மட்டுமன்றித் தோலின் நிறமும், அவ்வேளையில் கூட இருந்தவர் யார் என்பதும் பதியப்பட்டன. எந்தக் குற்றமும் செய்யாத இரு நண்பர்கள், சேர்ந்து நடந்த ஒரே காரணத்துக்காக, ஒருவர் பதிவில் மற்றவர் இடம்பெற்றார்கள். ஒன்ராறியோ மாகாண மனித உரிமைகள் ஆணைக்குழு 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், இப்படி நடத்தப்பட்டவர்கள் தங்கள் அன்றாடப் பழக்கங்களை மாற்றிக்கொள்வதையும், பொது நிறுவனங்கள்மீது நம்பிக்கை இழப்பதையும், இந்த நாட்டில் தாங்கள் முழுக் குடிமக்களல்லர் என்று உணர்வதையும் அவர்கள் வாயாலேயே பதிவு செய்திருக்கிறது. உங்கள் மகன் இருட்டியபின் வெளியே போகாதிருப்பதும் எரிந்து விழுவதும் அவனுடைய குணக்கோளாறு அல்ல. பொலிஸாரை நம்பாத தெருவில் உண்மையாகவே ஒரு குற்றம் நடந்தாலும் கண்டவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அந்த இழப்பு அந்தத் தெருவில் வாழும் எல்லோருக்கும் உரியது.

“நாங்கள் அவர்களைப் போலல்ல” என்று சொல்லி விலகிக்கொள்வதும் நமக்குப் பாதுகாப்புத் தராது. ரொறன்ரோவில் தமிழ்ப் பெடியன்கள் நாலு பேர் ஒன்றாக நின்றாலே ‘காங்’ (குற்றக் கும்பல்) என்று பார்க்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெயரை ஒருசிலருடைய செயலுக்காக எத்தனையோ அப்பாவிப் பிள்ளைகள் சுமந்தார்கள். கறுப்பின மக்கள் சுமப்பது அதனிலும் மிகப் பெரிது: 2013 முதல் 2017 வரையான காலத்தில் ரொறன்ரோப் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஏறக்குறைய 20 மடங்கு அதிகமாக இருந்தது என்று அதே ஆணைக்குழு 2018இல் அறிவித்தது. 2022 ஜூன் மாதம் ரொறன்ரோப் பொலிஸ் தலைவரே கறுப்பின மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அப்படியிருக்க, அன்று மாலை உங்கள் மகனைவிட அந்த நண்பன்தான் கூடுதலாகப் பயந்திருப்பான் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

முதலில் மகனிடம் போய், நீ ஒரு பிழையும் செய்யவில்லை, உன் நண்பனும் செய்யவில்லை என்று சொல்லுங்கள். அவன் பேசத் தொடங்கினால் இடையில் புத்தி சொல்லாமல் முழுவதையும் கேளுங்கள். பிறகு சட்டத்தை இருவருமாக அறிந்துகொள்ளுங்கள். 2017 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில், குறிப்பிட்ட ஒரு குற்றத்தின் விசாரணையாகவோ கைதாகவோ இல்லாமல் ஒருவரை மறித்து அடையாளம் கேட்கும் பொலிஸார், காரணத்தையும், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லி, தம் பெயர், இலக்கம் கொண்ட பற்றுச்சீட்டும் தர முன்வர வேண்டும் என்பதே பொது விதி. வாகனம் ஓட்டும்போது மட்டும் நிலைமை வேறு. சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேட்டால் காட்டியே ஆக வேண்டும். எங்கே மறித்தாலும் ஓடவோ தள்ளவோ கூடாது, “நான் போகலாமா?” என்று அமைதியாகக் கேட்கலாம்.

நினைவு மங்குவதற்குள் தேதி, நேரம், இடம், கேட்ட கேள்விகள், பொலிஸாரின் அல்லது வாகனத்தின் இலக்கம் ஆகியவற்றை இரு பிள்ளைகளும் தனித்தனியே எழுதி வைக்கட்டும். ஒன்ராறியோவில் பொலிஸார் பற்றிய முறைப்பாடுகளைப் பெறும் சட்ட அமலாக்க முறைப்பாட்டு முகவரகத்துக்கு 6 மாதங்களுக்குள்ளும், மனித உரிமைகள் தீர்ப்பாயத்துக்கு ஓராண்டுக்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும். செய்வதா இல்லையா என்பதை மகனே முடிவு செய்யட்டும். அதற்கு முன் அந்த நண்பனின் தாயைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். முறைப்பாடு செய்வதானால் இரு குடும்பங்களும் சேர்ந்தே செய்யலாம்.