கன்னியர் மடம் விட்டுச்சென்றது

கேள்வி: என் அம்மம்மா திருகோணமலைக் கொன்வென்டில் படித்தவர். பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின்பு கன்னியாஸ்திரிகளின் பணியில் எஞ்சியது என்ன?
– வாசகி, உப்புவெளி

பதில்: அன்னை வெரோனிக்கா 1868இல் பிரான்சின் பயோன் நகரில் தொடங்கிய அப்போஸ்தலிக்கக் கார்மேல் சபை 1870இல் மங்களூருக்கு வந்தது, பின்னர் அதன் சகோதரிகள் கடல் கடந்து திருகோணமலைக்கு வந்து, புனித மரியாள் கல்லூரியில் பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அரசின் நிதியுதவியோடு சமய அமைப்புகளும் பிறரும் நடத்திய உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. ஆயினும் கைமாறியது நிர்வாகமே அன்றி, கற்பிக்கும் முறை அன்று என்பது என் கணிப்பு. அம்மம்மா தைத்த தலையணை உறை ஏதும் வீட்டிலிருந்தால் புரட்டிப் பாருங்கள். முடிச்சுத் தெரியாமல் பின்புறமும் முன்புறம்போலவே இருக்குமானால், அது கொன்வென்ட் தையல் வகுப்பின் கண்டிப்பு. (அந்தக் கண்டிப்பு சில வேளைகளில் எல்லை மீறியதையும் பழைய மாணவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.) அக்காலக் கொன்வென்டுகள் ஆங்கிலத்துக்குத் தந்த இடத்தைத் தமிழுக்குத் தரவில்லை என்ற குறையிலும் நியாயம் உண்டு. ஆனால், பருவமடைந்ததும் பெண்ணின் படிப்பை நிறுத்திவிடும் வழக்கமிருந்த நாளில், சைவ வீட்டாரும் நம்பி மகளை அனுப்பக்கூடிய ஓரிடம் இருந்தது என்பதையும், அங்கே படித்தவர்களிற் பலர் தாமே ஆசிரியைகளாகி வேறு பாடசாலைகளுக்குச் சென்றார்கள் என்பதையும் நான் அதனினும் பெரிதாக மதிக்கிறேன்.