60 வயதுக்கு மேல் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொள்ள முடியுமா? பலகை தயாராக வரும் கிட் வாங்கி வீட்டிலேயே தொடங்கலாமா?

முதல் கேள்விக்கு: தாராளமாக முடியும். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நானே திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டேன். வரையத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். வெண்ணெய்க் கிருஷ்ணன், பட்டாபிஷேக ராமர் எல்லாம் வழிவழியாக வரும் அமைப்புகள். மூலப்படத்தின் கோடுகளைப் பலகைக்கு மாற்றிக்கொண்டுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு: வாங்காதீர்கள். வயதானவர்களுக்குக் கைகொடுக்கும் வேலையே பலகைதான். அதைக் காசு கொடுத்து ஏன் தள்ளிவிட வேண்டும்?

முன்பு பலா மரப் பலகை, இப்போது பிளைவுட். அதன் மேல் காடாத்துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். அரபிக் கோந்தை முதல் நாள் இரவே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சாக் பவுடரோடு குழைத்துப் பூச வேண்டும். காய்ந்ததும் அடுத்த பூச்சு. கடைசியில் உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். கோந்து கூடினால் பூச்சு வெடிக்கும். குறைந்தால் விரலோடு வெள்ளையாக வந்துவிடும். ஐப்பசி மழையில் ஒரு பூச்சு காய்வதற்குள் பொறுமை போய்விடும். சித்திரை வெயிலிலோ மேல்பக்கம் மட்டும் சட்டென்று இறுகிக்கொள்ளும். எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்று எழுதிவைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. இத்தனை வருடம் இட்லி மாவுக்குப் பதம் பார்த்த கைக்கு இது தானாக வரும். எங்களோடு படித்த கல்லூரிப் பிள்ளைகள் நேராகத் தங்கத்துக்குப் போகத் துடிப்பார்கள். ஆசிரியருக்கு என் மகன் வயதுதான். அவர்களைக் கண்டித்துவிட்டு, "டீச்சர், உங்கள் பலகையைக் கொஞ்சம் இவர்களிடம் காட்டுங்கள்" என்பார். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்வார். பார்வைக்குத் தெரியாத மேடு பள்ளம் விரலில் தட்டும்.

பிறகு ஜெய்ப்பூர் கற்களை ஒட்டி, மக்கு (சாக் பவுடரும் கோந்தும் கெட்டியாகக் குழைத்த பசை) வைத்து நகை, தூண், மண்டபம் எல்லாவற்றையும் மேடாக எழுப்ப வேண்டும். அதன் மேல் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. ரேக்கை அளவாக வெட்டி, கோந்து தடவிய இடத்தில் படுக்கவைத்து, மெல்லிய தூரிகையால் தட்டித் தட்டி இறக்கும்போது, அடியில் நீங்கள் வைத்த புள்ளிகளும் கொடிகளும் ஒவ்வொன்றாக மேலே தெரியவரும். அந்த நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ரேக்கு பறந்துவிடும். 22 காரட் ரேக்குதானா என்று கேட்டு வாங்குங்கள். போலி ரேக்கு போகப்போகக் கறுத்துவிடும். 2007-08இல் இந்த ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆனால் ரேக்கின் தரத்தைப் பார்ப்பது நம் பொறுப்பு.

கண்ணும் கையும் பற்றித்தான் உங்களுக்குக் கவலை இருக்கும். தரையில் உட்கார வேண்டியதில்லை, மேசையில் சாய்வாக வைத்தும் செய்யலாம். உருப்பெருக்கியோடு வரும் விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முகம் எழுதுவதைக் காலை வெளிச்சத்துக்கு ஒதுக்குங்கள். மணிக்கட்டுக்குக் கீழே ஒரு சட்டத்தைக் குறுக்காக வைத்துக்கொண்டால் நடுக்கம் பாதி அடங்கும். கண் திறப்பது எப்போதும் கடைசியில்தான். அது மட்டும் வரவில்லையென்றால் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டறைகளிலேயே பலகைக்கு ஒருவர், மக்குக்கு ஒருவர், முகத்துக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்வது உண்டு.

வகுப்பில் சேரும் முன் ஒருநாள் அரண்மனைக்குப் போய், சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தில் உள்ள பழைய படங்களைப் பாருங்கள். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் இந்தக் கலைக்கு நல்ல ஆதரவு இருந்தது. பழைய படங்களில் தங்கம் அடங்கி நிற்கும், நிறம் பேசும். இப்போது கடைகளில் விற்கும் பல படங்களில் கல்லும் தங்கமும் கண்ணைக் கூசவைக்கின்றன. சுவாமியைத் தேட வேண்டியிருக்கிறது. என் ரசனை அப்படி, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

விற்றுச் சம்பாதிக்கும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் சொந்தக்காரர்கள் கிரகப்பிரவேசத்துக்கு இலவசமாகக் கேட்பார்கள். ரேக்கு விலையையாவது வாங்கிவிடுங்கள்.

முதல் படம் சிறியதாக இருக்கட்டும், ஓர் உருவம் போதும். மழைக்காலத்தில் ஆரம்பிக்க வேண்டாம். பொங்கல் முடிந்ததும் பலகையைக் கையில் எடுங்கள். தை, மாசி வெயிலில் பூச்சு ஒழுங்காகக் காயும்.