சிலுவைப் பலி யாருக்காக?

கேள்வி: இயேசு எல்லாருக்காகவும் மரித்தாரா, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக (இரட்சிப்புக்கென்று தேவன் தேர்ந்தெடுத்தவர்களுக்காக) மட்டுமா? இரு தரப்பும் வசனம் காட்டுகிறார்களே!

பதில்: காட்டத்தான் செய்வார்கள். ‘சர்வலோகத்தின் பாவங்களையும்’ என்கிறது 1 யோவான் 2:2. ‘ஆடுகளுக்காக’ ஜீவனைக் கொடுப்பதாகச் சொல்கிறது யோவான் 10:15. டச்சு இறையியலாளர் அர்மினியஸின் வழியினர் 1610இல் நெதர்லாந்தில் கொடுத்த விண்ணப்பத்தின் நிலை இது: கிறிஸ்து ஒவ்வொருவருக்காகவும் மரித்தார்; மன்னிப்போ விசுவாசிப்பவருக்கே. அதை நிராகரித்தது 1618-19இல் கூடிய டார்ட் சங்கம், அதாவது கால்வின் வழிச் சபைகளின் (கால்வினியரின்) மாநாடு.

பலரும் சறுக்குவது இங்கேதான். ‘கால்வினியர் சிலுவையின் மதிப்பைக் குறைக்கிறார்கள்’ என்பது தவறான குற்றச்சாட்டு. டார்ட் தீர்மானத்தின் இரண்டாம் தலைப்பில் 3ஆம் கூறு, அந்த மரணம் முழு உலகின் பாவத்துக்கும் தாராளமாகப் போதும் என்றே சொல்கிறது. 8ஆம் கூறில்தான் வரம்பு வருகிறது: அதன் மீட்கும் பலன் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே என்பது தேவ நோக்கம். ஆக, தகராறு மதிப்பைப் பற்றியது அல்ல, நோக்கத்தைப் பற்றியது.

எல்லாருக்காகவும் மரித்தார் என்றாலே எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்று ஆகிவிடாது. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் முன்னதை ஏற்பார்கள், பின்னதைப் போதிப்பதில்லை.

கால்வினியருக்குக் கடினமான வசனம், என் கணிப்பில், 2 பேதுரு 2:1. ‘தங்களைக் கிரயத்துக்குக்கொண்ட ஆண்டவரை’ மறுதலிப்பவர்கள் அழிவார்கள் என்கிறதே! ‘எல்லாருக்காகவும்’ என்கிற மறுபக்கத்தார் பதில் சொல்ல வேண்டியது ரோமர் 8:32-34க்கு: யாருக்காகக் குமாரனை ஒப்புக்கொடுத்தாரோ அவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும் தேவன் அருளுவார், தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்மேல் யாரும் குற்றஞ்சாட்ட முடியாது என்கிறதே!