மினுக்குகிற டியூபுக்கு மூன்றாவது சோக்கா?

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், நாலடி டியூப் லைட். விடியற்காலையில் போட்டால் கால் மணி நேரம் மினுக்கிவிட்டுத்தான் எரிகிறது. வயரிங் பாஸ் இரண்டு தடவை சோக் மாற்றிவிட்டார், இன்னொன்றும் மாற்ற வேண்டுமாம். சோக் என்னதான் செய்கிறது?"

அந்த மூன்றாவது சோக்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

டியூபுக்குள் இருப்பது கொஞ்சம் வாயுவும் துளி பாதரசமும். அதில் கரண்ட் ஓடத் தொடங்கினால் ஏறிக்கொண்டே போய் டியூபையே எரித்துவிடும். சோக் அதற்குப் போட்ட பிரேக். 36 வாட் டியூபில் அரை அம்பியருக்கும் கீழே பிடித்து வைக்கும். பற்றவைப்பதும் அதுதான். ஸ்டார்ட்டர் ஒட்டி முனைகளைச் சூடாக்கி, டக்கென்று விடும்போது, சோக்கிலிருந்து பல நூறு வோல்ட் எகிறும்.

சோக், டியூப் முனைகள், ஸ்டார்ட்டர் எல்லாம் ஒரே வரிசை. சோக்கின் கம்பி அறுந்திருந்தால் மினுக்கக்கூட வழியில்லை. உங்கள் டியூப் மினுக்குகிறதே!

முதலில் ஸ்டார்ட்டரை மாற்றிப் பாருங்கள், மலிவானது. முனைகள் கறுத்திருந்தால் டியூப் கிழடு. இரண்டும் சரி என்றால் வோல்டேஜ். விடியலில் லயம் முழுக்கக் கரண்ட் கேத்தில் போடும் நேரம், 230 வரவேண்டிய இடத்தில் கடைசிக் காம்பராவுக்கு 180கூட வராது. போதாததற்குக் குளிர், நுவரெலியாவில் உறைபனி விழும் காலையில் நல்ல டியூபே தயங்கும். பாஸை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் முறையிட வேண்டும். ஆனால் கரண்ட் கொடுப்பவர் தோட்ட நிர்வாகத்தைக் காட்டுவார், நிர்வாகம் அவரைக் காட்டும். இருபது வருஷமாக இதே கதையைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

சோக்கை மாற்றியே ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டு. புது டியூப் போட்டதும் கண் கூசப் பளீரென்று எரிந்து, முனை கறுத்து, உடனே செத்துப்போகும். சோக்குக்குள் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, பிரேக் இல்லை என்று அர்த்தம். அப்படியே விட்டால் எத்தனை டியூப் போட்டாலும் தின்னும். அப்போது சோக்கை மாற்றிய பிறகுதான் அடுத்த டியூபை வாங்க வேண்டும், முன்னால் வாங்கினால் அதுவும் போகும். கருகின வாடை வந்தாலும் மெயினை அணைத்துவிட்டு மாற்றுங்கள். வெறும் உறுமலுக்காக மாற்றத் தேவையில்லை.

புதியதைக் கையில் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் உள்ளே செம்புக்குப் பதில் அலுமினியமாக இருக்கலாம். கழற்றிய பழையதை விடவே விடாதீர்கள். நல்ல சோக்கைக் கழற்றி அடுத்த லயத்தில் புதுசென்று பூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் கழன்ற இரண்டும் எங்கே என்று பாஸிடம் நாளைக்கே கேளுங்கள்.